அனுபவம் எழுதத் தொடங்கும் ஆசிரியருக்கு: குறிப்பேட்டிலிருந்து வாசகர் கைக்கு

வகுப்பறையில் நடந்ததை, உங்கள் பெயர் போட்டு, முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத நினைக்கிறீர்கள். பத்திரிகைக்கு அனுப்பலாம், சிறு நூலாகப் போடலாம், வேறு வழியிலும் வெளியிடலாம். வழி எதுவானாலும் எழுதுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை வரிசைப்படுத்திச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. "எழுதுவதற்கு அனுமதி எதற்கு?" என்றார் ஒருவர். "ஆசிரியராக இருந்துகொண்டு எழுதவே கூடாது" என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. விண்ணப்பம், ஒப்புதல் கடிதம், உரிமை ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். நீங்களும் அதே அலைச்சலைப் பட வேண்டாம்.

ஆவணங்களுக்குப் போகும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். யாரோ ஒரு ஆசிரியரின் சொந்த அனுபவத்தை மற்றவர்கள் ஏன் படிக்க வேண்டும்? இது தெளியாமல் மற்ற வேலைகளில் இறங்கினால் கோப்பு ஒழுங்காக இருக்கும், படிக்கத்தான் ஆள் இருக்காது.

1. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வரும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரத்தை ஆசிரியர்களோடு நேரடியாகக் கழித்திருப்பார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதினார். நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு மாறும். ஆனால் அது சொல்லும் செய்தி எங்கும் பொருந்தும். உங்கள் வாசகர் ஒவ்வொருவரும் ஆசிரியர்களை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்தவர். மருத்துவரைப் பற்றியோ விமானியைப் பற்றியோ அவருக்கு அவ்வளவு தெரியாது.

அப்படியானால் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அவர் பார்த்ததெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது. அந்தக் கேள்வியை ஆசிரியர் ஏன் தன்னிடம் கேட்டார், கேட்குமுன் யோசித்தாரா, திட்டியதற்கு அன்றிரவு வருந்தினாரா, தன் விடைத்தாளைத் திருத்தும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆசிரியர் முடிவெடுக்கும்போது அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை வாசகர் ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் வருகிறார். பாடம் கேட்க வரவில்லை. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் தயங்கிய இடம்தான் வாசகருக்கு வேண்டிய இடம்.

வாசகர்களில் சில வகை உண்டு. பெற்றோர் வருவார்கள். காலையில் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு மாலை வரை மூடியிருக்கும் கதவைப் பார்ப்பவர்கள் அவர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் வருவார்கள். தனக்கு மட்டும்தான் வகுப்பு அடங்கவில்லையா, எல்லோருக்கும் அப்படித்தானா என்று தெரிந்துகொள்வது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். பழைய மாணவர்கள் தங்களைத் தேடிக்கொண்டு வருவார்கள். இன்னொரு வகை உண்டு, அதை நான் எதிர்பார்க்கவில்லை. எப்போதோ ஓர் ஆசிரியரால் காயப்பட்டவர்கள். அவரிடம் கேட்க முடியாததற்கு உங்கள் எழுத்தில் விடை தேடுவார்கள். அவர்களை மனத்தில் வைத்து எழுதினால் உங்கள் சொற்களில் தானாகவே ஒரு நிதானம் வரும்.

இவர்களில் யாரும் இல்லாமல், உங்கள் ஊரோ பாடமோ தெரியாமல், தொடர்ந்து படிப்பவர்களும் இருப்பார்கள். நேரில் சந்திக்காத ஒருவரோடு நெருக்கமாகப் பழகுவதுபோன்ற உணர்வை வானொலி, தொலைக்காட்சி நேயர்களிடம் கண்டு டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் விளக்கினார்கள். ஒருவரின் எழுத்தைத் தொடர்ந்து படிப்பதிலும் அது நடக்கிறது என்றே நினைக்கிறேன். இந்த வாசகர் தகவலுக்காக வருவதில்லை. இந்த ஆள் இன்று என்ன நினைக்கிறார் என்று பார்க்க வருகிறார். அவரைத் தக்கவைப்பது உண்மையும் ஒழுங்காக எழுதுவதும்தான். வேறு உத்தி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கட்டுரையைத் தொடங்கும்போதும் தாளின் தலைப்பில் "இது இவருக்கு" என்று ஒரே ஒரு வகை வாசகரை எழுதிவையுங்கள். பெற்றோருக்கும் சக ஆசிரியருக்கும் சேர்த்து எழுதிய கட்டுரையில் ஒருவருக்குத் தெரிந்ததை விளக்கிக்கொண்டும் இன்னொருவருக்குத் தெரியாததை விட்டுக்கொண்டும் போவீர்கள்.

2. அன்றைய குறிப்பை அன்றே எழுதுங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு நாளில் 1,000 முறை வரைகூட மாணவர்களோடு ஏதாவது ஒரு பரிமாற்றத்தில் ஈடுபடுகிறார் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஃபிலிப் ஜாக்சன் 1968இல் எழுதினார். அதில் ஒன்றைப் பிடித்தால் போதும். பிடிக்கத் தாமதித்தால் போய்விடும். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோவதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்துக் காட்டினார். அவர் சோதித்தது பொருளில்லாத அசைகளை என்பது உண்மை. ஆனால் ஒரு குழந்தை சொன்ன அதே சொற்கள் மறுநாள் நினைவில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இருக்காது.

மறதியைவிடப் பெரிய ஆபத்து, சொல்லிச் சொல்லிக் கதை மாறிவிடுவது. ஒரு கதையைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்பவர்கள் அதைத் தங்களுக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932இல் விளக்கினார். ஆசிரியர் ஓய்வறையில் இதுதான் நடக்கிறது. மூன்று பேரிடம் சொல்வதற்குள் பையன் இன்னும் துடுக்காகிவிடுவான், நாம் இன்னும் பொறுமைசாலி ஆகிவிடுவோம். அதனால் யாரிடமும் சொல்லுமுன் எழுதுங்கள்.

குறிப்பில் இவை இருக்கட்டும்: எந்தப் பாடவேளை, சொல்லப்பட்ட சொற்கள் அப்படியே, நீங்கள் செய்ய நினைத்தது, உண்மையில் செய்தது, அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாமல் இருந்தது. கடைசி இரண்டும்தான் பின்னால் கட்டுரையாகும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

குறிப்பேட்டில் மாணவர் பெயரை எழுதாதீர்கள். உங்களுக்கு மட்டும் புரியும் அடையாளம் ஒன்று போதும். குறிப்பேடு தொலைந்தால் யாருக்கும் கேடு வரக்கூடாது. பள்ளிக் கணினியில் வைக்காதீர்கள். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகலை இதனோடு சேர்க்காதீர்கள். அவை பள்ளியின் ஆவணங்கள்.

கோபத்தில் எழுதும் நாள்களும் வரும். அவற்றுக்கு வேறு நோட்டு வையுங்கள். மனத்தை அழுத்துவதை நாளுக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து நான்கு நாள் எழுதவைத்து உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவ்வகை எழுத்தின் பயன் எழுதுபவருக்கு. அதை வாசகர் முன் வைக்க வேண்டியதில்லை.

3. நிர்வாகத்திடம் எழுத்து வடிவில் அனுமதி வாங்குங்கள்

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவை மூன்று: உங்கள் பணி நியமன ஆணை, உங்களுக்குப் பொருந்தும் நடத்தை விதிகள், ஊடகம் பற்றிப் பள்ளி ஏதாவது கொள்கை வைத்திருந்தால் அது. அரசுப் பணியா, தனியார் நிறுவனமா என்பதைப் பொறுத்து விதிகள் முற்றிலும் வேறாக இருக்கும். பார்க்க வேண்டிய வரிகள் இவை: வெளியீட்டுக்கு முன் அனுமதி வேண்டுமா, எழுத்தால் வரும் பணத்தை அறிவிக்க வேண்டுமா, நிறுவனத்தை விமர்சிப்பது பற்றி என்ன சொல்கிறது, பணியின்போது உருவாக்கியவற்றின் உரிமை யாருக்கு.

ஆசிரியர்கள் மற்றக் குடிமக்களுக்கு உள்ள உரிமைகள் எல்லாவற்றையும் பயன்படுத்தச் சுதந்திரம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1966இல் ஏற்ற பரிந்துரையின் 80ஆம் பத்தி சொல்கிறது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தைரியம் தரும். ஆனால் அது பரிந்துரைதான், நாட்டுச் சட்டம் அல்ல. பள்ளி நிதியைச் செலவிடும் முறையை விமர்சித்துச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியதற்காக வேலையிழந்த மார்வின் பிக்கரிங் என்ற ஆசிரியரின் பக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது. அவருடைய பெயரை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போகும் வலு எத்தனை பேருக்கு இருக்கும்? ஒரு பக்க விண்ணப்பம் எழுதுவது எளிது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை: என்ன வகை எழுத்து, எங்கே வெளிவரும், பள்ளியின் பெயர் வராது, மாணவர் அடையாளம் வராது, பணி நேரத்தில் எழுத மாட்டீர்கள், பணம் வந்தால் அறிவிப்பீர்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள்.

பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. "நீங்கள் தாராளமாக எழுதுங்கள்" என்று வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் அனுமதி. எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பொறுப்பில் இருந்தவர் மாறினார், புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நல்ல மனதோடு சொன்னவரிடமும் எழுதி வாங்குவது அவரை நம்பாததாகாது. அவருக்கும் அது பாதுகாப்புத்தான்.

இன்னொன்று, "ஒவ்வொரு கட்டுரையையும் முன்கூட்டிக் காட்ட வேண்டும்" என்ற நிபந்தனை. அதை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள், உடனே மறுக்கவும் வேண்டாம். பள்ளியைப் பற்றி நேரடியாகப் பேசும் கட்டுரைகளை மட்டும் காட்டுகிறேன் என்று திருத்திக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிர்வாகத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தேர்வுக் காலத்திலும் சேர்க்கைக் காலத்திலும் விண்ணப்பம் கொடுத்தால் கோப்பின் அடியில் போய்விடும். பருவம் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்து, பள்ளி ஒரு நிலைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

4. மாணவரிடமும் பெற்றோரிடமும் கேட்பது

இதுதான் எல்லாவற்றிலும் கனமான பகுதி. இங்கே அவசரம் கூடவே கூடாது.

1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இரண்டு விதிகளை ஒவ்வோர் ஆசிரியரும் படித்திருக்க வேண்டும். 16ஆம் விதி குழந்தையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. 12ஆம் விதி, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உள்ள உரிமையைப் பேசுகிறது. பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள் என்பதால் குழந்தையைக் கேட்கத் தேவையில்லை என்று ஆகாது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் "என்னைப் பற்றி எழுத வேண்டாம்" என்று சொல்லத் தெரியும்.

எந்த வயதுவரை குழந்தை என்பதில் சட்டங்கள் வேறுபடுகின்றன. இணையத்தில் தகவல் திரட்டுவது குறித்த அமெரிக்கச் சட்டம் 13 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாதுகாக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. நீங்கள் எங்கிருந்தாலும் 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் கையில் மதிப்பெண் இருக்கும்வரை பெற்றோர் தரும் ஒப்புதல் சுதந்திரமான ஒப்புதல் இல்லை. மறுத்தால் பிள்ளையைப் பாதிக்குமோ என்று யோசிப்பார்கள், உங்கள் முகத்துக்காகத் தலையாட்டுவார்கள். அதனால் அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பைவிட்டுப் போன பிறகு கேளுங்கள். முடிந்தால் பள்ளியைவிட்டே போன பிறகு. கட்டுரை தாமதமாகும், ஆகட்டும். தாமதத்தால் கெட்டுப்போகும் கட்டுரை நல்ல கட்டுரையாக இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தேவையா? வகுப்பு முழுவதையும் பற்றிப் பொதுவாக எழுதுவதற்கும் உங்கள் சொந்தக் குழப்பத்தை எழுதுவதற்கும் தேவையில்லை. ஒரு தனி மாணவர் கட்டுரையின் நடுவில் வந்தால், அவர் சொன்னதை மேற்கோளாகத் தந்தால், அவர் வரைந்ததையோ எழுதியதையோ காட்டினால் தேவை.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. என்ன எழுதப் போகிறீர்கள், எங்கே வெளிவரும், எந்த விவரங்களை மாற்றுவீர்கள், வெளியிடுமுன் படிக்கத் தருவீர்களா, பின்னால் மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பவை எளிய சொற்களில் இருக்கட்டும். படிக்க இயலாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டியவர் நீங்களாக இல்லாமல் வேறு ஒருவராக இருப்பது நல்லது. கட்டுரையையே இணைத்துக் கொடுத்துக் கேட்பது எல்லாவற்றிலும் சிறந்தது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் போடும் கையொப்பத்தால் யாருக்கும் பயனில்லை.

சிலவற்றை யார் ஒப்புக்கொண்டாலும் எழுத வேண்டாம். ஒரு பிள்ளை உங்களிடம் ரகசியமாகச் சொன்ன வீட்டுக் கொடுமை, உடல்நிலை, குடும்பச் சண்டை, மதிப்பெண். கொடுமை என்று தெரிந்தால் உங்கள் கடமை அதற்குரிய அதிகாரியிடம் சொல்வது. அது எழுதுவதற்கான பொருளே அல்ல.

5. பெயரை மாற்றினால் மட்டும் போதாது

அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000இல் காட்டினார். பெயரே தேவைப்படவில்லை. பள்ளி அதைவிடச் சிறிய உலகம். "ஏழாம் வகுப்பு, இடக்கைப் பழக்கம், அந்த ஆண்டு நடுவில் வந்து சேர்ந்தவள்" என்று சொன்னாலே முடிந்தது.

ஆகவே ஆண்டை மாற்றுங்கள், வகுப்பை மாற்றுங்கள், பாடத்தை மாற்றுங்கள். நடந்ததை மாற்றாதீர்கள், சொன்ன சொற்களை மாற்றாதீர்கள். கட்டுரை எதன்மேல் நிற்கிறதோ அதைத் தொடாமல் மற்றதை மாற்ற வேண்டும். மாற்ற முடியாத அளவுக்கு அந்த விவரமே கட்டுரையாக இருந்தால், முழு ஒப்புதல் கிடைக்கும்வரை அதை எடுத்துவையுங்கள். இரண்டு மூன்று மாணவர்களைக் கலந்து ஒருவராக்குவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். "பெயர்களும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன" என்ற ஒரு வரியால் வாசகரின் நம்பிக்கை குறைவதில்லை.

6. வகுப்புக் குரலை வாசலில் விட்டுவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகள் பல பாதியில் கைவிடப்படுவதற்குக் காரணம், எழுந்துபோக முடியாதவர்களிடம் பேசிப் பழகிய குரலில் அவை எழுதப்படுவதுதான். மாணவர் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். வாசகர் அடுத்த வரியிலேயே போய்விடுவார், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் இருந்தும் அவர் தங்கினால், அது உங்களுக்குக் கிடைத்த உண்மையான கவனம்.

வகுப்புக் குரலின் அடையாளங்கள் தெளிவானவை. முதல் பத்தியில் சொல்லப்போவதைச் சொல்லும், கடைசிப் பத்தியில் சொன்னதைச் சொல்லும். "நாம் உணர வேண்டும்" என்று முடியும். எல்லாவற்றையும் விளக்கும். முதல் வரைவை முடித்ததும் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்து, முடிவெடுத்த நொடியைத் தேடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் நன்றாகவும் ஆகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். இதைப் படித்துவிட்டு ஒருவர் தன் வகுப்பில் செய்து பார்க்கிறார், பிறகு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விதம் இப்படி இருக்கும்:

"பொறுமை ஆசிரியரின் முதல் தகுதி. மாணவர்களுக்குச் சிந்திக்க நேரம் கொடுத்தால் அவர்கள் திறமை வெளிப்படும் என்பதை அன்று உணர்ந்தேன்."

இன்னொரு விதம்:

"கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றேன். யாரும் பேசவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருத்தி வாயைத் திறந்து மூடினாள். வழக்கமாகப் பதில் சொல்பவன் கையைத் தூக்கிவிட்டான். அவனைக் கேட்டால் பாடம் நகர்ந்துவிடும், பாடத்திட்டத்தில் ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறோம். அவள் பக்கம் பார்த்தால் பயந்துவிடுவாளோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்."

இரண்டாவதில் அந்தப் பெண் பதில் சொன்னாளா என்று இன்னும் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த வரியைப் படிக்கத் தோன்றுகிறது. காரணம், அந்த ஆசிரியருக்கு இரண்டு பக்கமும் இழுப்பு இருக்கிறது. பெஞ்சில் இருந்து பார்த்தால் அவர் சுவரைப் பார்ப்பது மட்டும்தான் தெரியும். ஏன் என்பது உங்கள் எழுத்தில்தான் கிடைக்கும்.

இதில் ஒரு தவறான பக்கமும் உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும் நீங்களே வென்றால் வாசகர் நம்புவதை நிறுத்திவிடுவார். முடிவு தெரியாத நிகழ்வுகளையும் எழுதுங்கள். அந்தப் பையன் பின்னால் என்ன ஆனான் என்று தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதி நிறுத்துங்கள். சக ஆசிரியர் ஒருவரைத் தண்டிக்கக் கட்டுரையைப் பயன்படுத்தாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் படிப்பவருக்கு அந்தக் கசப்பு நன்றாகத் தெரியும், அது உங்கள் பேரில்தான் ஒட்டும்.

நீளம் பற்றிக் கேட்பார்கள். தொடக்கத்தில் 600 முதல் 900 சொற்கள். ஒரு நிகழ்வு, ஒரு தயக்கம், அவ்வளவுதான் அதில் கொள்ளும்.

7. மற்றவர் எழுத்தும் உங்கள் எழுத்தும்

பதிப்புரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கை 1886இல் உருவானது. அதில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமை எழுதியவுடனேயே பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். சில நாடுகளில் வழக்கு என்று வரும்போது பதிவு உதவும், அது வேறு.

இதே விதி மாணவருக்கும் பொருந்துகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். மாணவர் எழுதிய கவிதை, வரைந்த படம், விடைத்தாளில் எழுதிய அழகான தவறு எல்லாம் அவருடையவை. பெற்றோர் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களிடம் இருக்கலாம், எழுத்தின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. கேட்காமல் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பணிக்காக நீங்கள் தயாரித்த பாடக்குறிப்புகளும் பல நாடுகளில் நிறுவனத்துக்கே சொந்தமாகலாம், நியமன ஆணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. செலவு

பெரிய செலவு நேரம். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் எழுத முடியாது. எழுத முயன்றால் இரண்டும் கெடும். வாரத்தில் ஓர் அமர்வை ஒதுக்கி, அதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பத்திரிகைக்கு எழுதப் பணம் தேவையில்லை. நூலாகப் போடுவதென்றால் எழுத்துப் பிழை பார்ப்பவருக்கும் பக்க வடிவமைப்புக்கும் அச்சுக்கும் செலவு உண்டு. இவற்றில் பிழை பார்ப்பவரின் கூலியைக் குறைக்காதீர்கள். ஆசிரியர் எழுதிய நூலில் எழுத்துப்பிழையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். 13 இலக்கச் சர்வதேசத் தர நூல் எண் (ISBN) சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் கட்டணம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். முதலில் குறைந்த படிகள் அச்சிடுங்கள். விற்காத நூல் வீட்டில் அடுக்கியிருந்தால் எழுதும் மனமே போய்விடும்.

"ஆசிரியர்கள் எழுதும் தொகுப்பு நூல், உங்கள் கட்டுரையும் இடம்பெறும், இத்தனை படிகள் வாங்க வேண்டும், சான்றிதழ் தருவோம்" என்று வரும் அழைப்புகளில் கவனமாக இருங்கள். அங்கே வாசகரே இல்லை. எழுதியவர்கள்தான் வாங்குபவர்கள். எந்த ஒப்பந்தத்திலும் மூன்றைப் பாருங்கள்: எந்த உரிமையைக் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு, அந்தக் கட்டுரையை வேறிடத்தில் பின்னால் நீங்களே வெளியிடலாமா. "எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும்" என்று இருந்தால் கையொப்பமிடாதீர்கள்.

9. எதை எப்போது

பருவத்தின் தொடக்கத்தில் விதிகளைப் படித்து விண்ணப்பம். பதில் வரும்வரை குறிப்பு மட்டும். பருவ நடுவில் குறிப்புகளிலிருந்து ஒரே ஒன்றை எடுத்து வரைவு. வரைவைச் சில வாரமாவது உள்ளே வைத்துவிட்டு எடுத்துப் படியுங்கள். கோபம் இருந்தால் அதற்குள் வடிந்திருக்கும், இல்லாவிட்டால் இன்னும் காத்திருங்கள். ஆண்டு முடிந்து, முடிவுகள் வெளியாகி, பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகு ஒப்புதல் கேளுங்கள். பெற்றோருக்கு யோசிக்க இரண்டு வாரம் கொடுங்கள், இடையில் நினைவூட்ட வேண்டாம். பதில் வராவிட்டால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே வெளியிடுவது. முதல் முறை ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்று எதிர்பாருங்கள். அடுத்தடுத்தவை விரைவாகும், ஏனென்றால் குறிப்பேடு அதற்குள் நிறைந்திருக்கும்.

10. வெளிவந்த பிறகு

அனுமதிக் கடிதம், ஒப்புதல் கடிதங்கள், எந்த விவரங்களை மாற்றினீர்கள் என்ற பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வீட்டில் பூட்டி வையுங்கள். யாராவது கேள்வி எழுப்பினால் நினைவிலிருந்து பதில் சொல்லாதீர்கள், உறையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாசகர் கடிதங்கள் வரும். சிலர் தங்கள் பிள்ளையின் பிரச்சினையை விவரித்து வழி கேட்பார்கள். நீங்கள் பார்த்திராத பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையின் ஆசிரியரிடம் என்ன கேள்விகள் கேட்கலாம் என்று மட்டும் எழுதுங்கள், அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி. பாராட்டுக் கடிதங்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் எந்தக் கட்டுரைக்குப் பாராட்டு அதிகம் வந்ததோ அதைப்போலவே அடுத்ததை எழுத முயலாதீர்கள். தொடர்ந்து படிப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

பழைய மாணவர் ஒருவர் எழுதலாம்: "அது நான்தானே?" ஒப்புதல் தந்தவராக இருந்தால் பேசுங்கள். வேறு ஒருவர் தவறாக நினைத்துக் கேட்டால் "நீ இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள், யார் என்று சொல்ல வேண்டாம். ஒப்புதல் தந்த ஒருவர் வளர்ந்த பிறகு நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள். அச்சில் வந்துவிட்டதென்றால் மறுபதிப்பில் எடுத்துவிடுவேன் என்று தேதியிட்டு எழுதிக் கொடுங்கள், பதிப்பாளருக்கும் அன்றே அதன் நகலை அனுப்புங்கள்.